பிள்ளை யாருக்கு? பிள்ளைக்கு யார்?



குழந்தைகள் இருக்கும் வீட்டில் மணமுறிவு வந்தால் சட்டம் என்ன சொல்கிறது என்பதுதான் இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. அழைப்பிதழைப் பார்த்த உறவினர் ஒருவர், "மேடை போட்டுப் பேசுற விஷயமா இது?" என்று கேட்டார். மேடை போட்டுத்தான் பேச வேண்டும். நாம் பேசாமல் இருந்ததால் எந்தக் குடும்பமும் பிரியாமல் நின்றுவிடவில்லை. நாம் பேசாமல் இருந்ததால், தாயும் தகப்பனும் சட்டத்தைத் தெருமுனையிலும் வாட்ஸ்அப்பிலும் பாதி பாதியாகக் கற்றுக்கொண்டு நீதிமன்றப் படியேறுகிறார்கள். அந்தப் பாதி அறிவுக்கு விலை கொடுப்பது யார்? வழக்குப் போட்டவரா? வக்கீலா? இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்த குழந்தை.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குடும்ப நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறேன். ஒரு நாள், வாய்தா கூப்பிடுவதற்காக வராந்தாவில் காத்திருந்தேன். பெஞ்சின் ஓரத்தில் ஒரு பையன். நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படிப்பான். பள்ளிச் சீருடையிலேயே வந்திருந்தான். மடியில் ஜாமெட்ரி பாக்ஸ், அதன் மேல் ஒரு படிவம். பள்ளியில் கொடுத்து நிரப்பி வரச் சொன்ன படிவம். பெயர் எழுதிவிட்டான். வகுப்பு எழுதிவிட்டான். முகவரி என்ற இடத்தில் பென்சிலை ஊன்றியபடி உட்கார்ந்திருந்தான். என் கறுப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு, "மிஸ், இதுல எந்த வீட்டு அட்ரஸ் எழுதணும்?" என்று கேட்டான்.

அம்மா வீட்டு முகவரியை எழுதினால் அப்பா கோபித்துக்கொள்வார். அப்பா வீட்டு முகவரியை எழுதினால் அம்மா அழுவாள். ஒன்பது வயதில் அவனுக்கு அது தெரிந்திருந்தது. அவன் பெற்றோர் இருவரும் என் கட்சிக்காரர்கள் அல்லர். நான் ஒன்றும் சொல்லாமல் அவன் தலையைத் தடவிவிட்டு உள்ளே போய்விட்டேன். அன்று நான் பதில் சொல்லாமல் போனது இன்றுவரை எனக்கு உறுத்துகிறது. இந்தச் சொற்பொழிவை அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலாகவே எண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன்.

என் அறைக்கு வரும் பெற்றோர் எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "மேடம், பிள்ளை யாருக்கு?" வீடு யாருக்கு, நகை யாருக்கு, வண்டி யாருக்கு என்று கேட்கிற அதே வரிசையில், பிள்ளை யாருக்கு. நம் நாட்டுச் சட்டம் அப்படிக் கேட்கவில்லை. அது அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்கிறது. பிள்ளைக்கு யார்? பிள்ளைக்குச் சோறு போட யார், பள்ளியில் விட யார், காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க விழித்திருக்க யார், கட்டணம் கட்ட யார்? எல்லாவற்றுக்கும் ஒரே ஆள்தான் பதிலாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இந்த ஒரு திருப்பத்தைப் புரிந்துகொண்டால், இன்று நான் சொல்லப்போகும் பிரிவு எண்கள் எல்லாம் தாமாகவே புரிந்துவிடும்.

இதைச் சொன்னது ஏதோ நேற்று வந்த தீர்ப்பு அல்ல. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதன் 13-ஆம் பிரிவு, குழந்தையின் நலனே தலையாயது என்கிறது. நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன ரோஸி ஜேக்கப் வழக்கில் 1973-இல் தீர்ப்பு வந்தது. கிறிஸ்தவத் தம்பதி, மூன்று குழந்தைகள். குழந்தைகள் பெற்றோரின் உடைமைப் பொருளும் அல்லர், விளையாட்டுப் பொம்மையும் அல்லர் என்று அந்தத் தீர்ப்பு சொல்லியது. அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. நாம் மட்டும் இன்னும் பிள்ளையைப் பாகப்பிரிவினைப் பட்டியலில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

சரி, சட்டத்துக்குள் போவோம். முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று கஸ்டடி. குழந்தை அன்றாடம் யாரிடம் இருக்கிறது, யார் பொறுப்பில் வளர்கிறது என்பது. இன்னொன்று கார்டியன், அதாவது காப்பாளர். குழந்தையின் சார்பில் கையெழுத்துப் போடுவது, சொத்தைப் பார்த்துக்கொள்வது, பெரிய முடிவுகளை எடுப்பது. பிள்ளை தாயிடம் வளரலாம், தகப்பனும் காப்பாளராக நீடிக்கலாம். இது தெரியாததால்தான் "கஸ்டடி போனா எல்லாம் போச்சு" என்று தகப்பன்மார் இடிந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

காப்பாளர் என்றால் தகப்பன் மட்டும்தானா? 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பிறகு தாய் என்று எழுதியிருக்கிறது. அந்தப் "பிறகு" என்ற ஒற்றைச் சொல் எத்தனை தாய்மாரை வங்கி வாசலிலும் பள்ளி வாசலிலும் நிறுத்தி வைத்திருந்தது! 1984-இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் பத்திரம் வாங்க ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பித்தார். காப்பாளர் என்று கையெழுத்துப் போட்டவர் தாய். தந்தையின் கையெழுத்து வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே எடுத்த முடிவு அது, ஆனாலும் தாயின் கையெழுத்து போதவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. 1999-இல் தீர்ப்பு. "பிறகு" என்றால் தந்தை இறந்த பிறகு என்று பொருள் அல்ல, தந்தை அந்தப் பொறுப்பில் இல்லாத நிலையில் என்று பொருள். தந்தை உயிரோடு இருக்கும்போதே தாய் இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம். இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களே, "அப்பாவைக் கூட்டிட்டு வாம்மா" என்று எந்தக் கவுண்டரிலாவது உங்களைத் திருப்பி அனுப்பினால், இந்த வழக்கின் பெயரைச் சொல்லுங்கள்.

அடுத்து, ஊரெல்லாம் நம்பும் ஒரு பாதி உண்மைக்கு வருகிறேன். "அஞ்சு வயசு வரைக்கும் அம்மாகிட்ட, அதுக்கப்புறம் அப்பாகிட்ட." எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? பெரும்பாலான கைகள் உயர்கின்றன. முதல் பாதி சட்டத்தில் இருக்கிறது. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று அதே 6-ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டாம் பாதி எங்கே இருக்கிறது? எந்தப் பிரிவிலும் இல்லை! ஐந்தாவது பிறந்தநாள் கேக்கை வெட்டிய மறுநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் உரிமை கிடையாது. ஐந்துக்கு மேல் அந்தக் குழந்தையின் நலன் எங்கே இருக்கிறது என்று நீதிமன்றம் பார்க்கும். படிப்பு, உடல்நலம், பழகிய இடம், கூடப் பிறந்தவர்கள், யாரிடம் மனம் ஒட்டியிருக்கிறது, எல்லாமும்.

இன்னும் சில பாதி உண்மைகள் உண்டு. சம்பளம் அதிகமாக வாங்குபவருக்குத்தான் பிள்ளை என்பார்கள். அப்படி அல்ல, பணம் இல்லாத தாய்க்குப் பணம் கொடுக்கச் சொல்லி உத்தரவிட நீதிமன்றத்துக்குத் தெரியும். மறுமணம் செய்தால் பிள்ளை போய்விடும் என்பார்கள். மறுமணம் ஒன்றே காரணமாக எந்தத் தாயும் கஸ்டடிக்குத் தகுதியற்றவள் ஆகிவிடுவதில்லை. ஆண் பிள்ளை அப்பாவுக்கு, பெண் பிள்ளை அம்மாவுக்கு என்று பஞ்சாயத்தில் பிரித்துக் கொடுப்பார்கள். அண்ணனையும் தங்கையையும் இரண்டு ஊரில் வளரவிடும் அந்தப் பங்கீட்டைப் போலக் கொடுமை வேறில்லை என்பது என் துணிந்த கருத்து. அப்பா அம்மா பிரியும் காலத்தில் அந்தக் குழந்தைகளுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே உறவு ஒருவருக்கு ஒருவர்தானே!

எந்தச் சட்டத்தின் கீழ் மனுப் போடுவது என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். இந்துக்களுக்கு 1955-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம், சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் பதிவு செய்து மணந்தவர்களுக்கு 1954-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம். இஸ்லாமியக் குடும்பங்களில் இளங்குழந்தையை வளர்க்கும் தாயின் உரிமைக்கு ஹிஜானத் என்று பெயர். எல்லாருக்கும் பொதுவாக 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் இருக்கிறது. குழந்தை வழக்கமாக எந்த ஊரில் வசிக்கிறதோ, அந்த ஊர் நீதிமன்றத்தில்தான் அதன்கீழ் மனுப் போட வேண்டும். எதிராளியை அலையவிடுவதற்காகவே பிள்ளையை ராத்திரி பஸ்ஸில் ஏற்றி வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோய், அங்கே மனுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது செல்லாது. செல்லாதது மட்டும் அல்ல, குழந்தையை இடம் மாற்றி அலைக்கழித்தவர் என்ற பெயர் வழக்கு முழுக்கத் தொடர்ந்து வரும்.

வெளிநாட்டில் வாழும் நம்மவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. 1980-இல் ஹேக் நகரில், பிள்ளையை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோய்விடும் வழக்குகளுக்காக ஓர் உடன்படிக்கை உருவானது. அமெரிக்கா அதில் இருக்கிறது, சிங்கப்பூர் இருக்கிறது, இந்தியா சேரவில்லை. அதனால் அமெரிக்காவிலிருந்து பிள்ளையோடு இங்கே வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது. அந்த நாட்டு நீதிமன்றத்தின் உத்தரவையும் ஒரு காரணியாக நம் நீதிமன்றங்கள் எடைபோடும். ஆனால் கடைசியில் குழந்தையின் நலனே முன்னால் நிற்கும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்னால் வக்கீலைப் பாருங்கள். எடுத்த பிறகு வராதீர்கள்.

இனி குழந்தையின் வாய்ச்சொல். பிள்ளையின் விருப்பத்தைக் கேட்பார்களா? கேட்பார்கள். தனக்கு எது வேண்டும் என்று அறிந்து சொல்லும் வயது வந்த குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் கவனிக்கலாம் என்று 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. பொதுவாக நீதிபதி தம் அறையில், பெற்றோர் இல்லாமல், தனியே பேசுவார். அந்த அறைக்குள் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. வெளியே நடப்பதை மட்டும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு பெண் குழந்தை, ஏழு வயது இருக்கும். நீதிபதி அறையிலிருந்து வெளியே வந்தாள். நேரே பாட்டியிடம் ஓடினாள். "அம்மாச்சி, நீங்க சொன்னத எல்லாம் மறக்காமச் சொல்லிட்டேன். இப்ப வீட்டுக்குப் போலாமா?" என்றாள். வராந்தாவில் இருந்த எங்கள் எல்லாருக்கும் அது கேட்டது.

யார் அந்தக் குழந்தைக்கு அந்த வாசகங்களை ஊட்டியது? அவளை உயிருக்கு உயிராக நேசித்தவர்கள்தான். ஆனால் ஊட்டிய சொல்லுக்கும் உள்ளிருந்து வரும் சொல்லுக்கும் வேறுபாடு தெரியாதவர்களா நீதிபதிகள்? ஒரு பெற்றோர் பிள்ளையின் மனத்தில் மற்றவரைப் பற்றிய வெறுப்பை விதைப்பதை உச்ச நீதிமன்றம் 2017-இல் விவேக் சிங் வழக்கில் விரிவாகவே பேசியது. பிள்ளை ஒருவரிடமே நெடுங்காலம் இருந்து, மற்றவரைப் பற்றித் தப்பாகவே கேட்டு வளர்ந்திருந்தால், அந்தப் பிள்ளை சொல்லும் விருப்பம் எவ்வளவு தூரம் அதன் சொந்த விருப்பம் என்று நீதிமன்றம் யோசிக்கும். கற்றுக்கொடுத்த பாடம் கற்றுக்கொடுத்தவருக்கே எதிராகத் திரும்பிய வழக்குகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பிள்ளை ஒருவரிடம் வளரும்போது மற்றவர் வந்து பார்ப்பதற்குப் பெயர் விசிட்டேஷன். சந்திப்பு உரிமை. யாருடைய உரிமை இது? தகப்பனுடையதா, தாயுடையதா? அந்தக் குழந்தைக்குத்தான் அப்பாவும் அம்மாவும் வேண்டியிருக்கிறது. 2020-இல் யாஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. கஸ்டடிச் சண்டையில் எப்போதும் பாதிக்கப்படுவது குழந்தைதான், அதற்கு இரு பெற்றோரின் அன்பும் வேண்டும், தொலைவில் இருக்கும் பெற்றோர் வீடியோ அழைப்பிலாவது பேச வழி செய்ய வேண்டும் என்றது. கூட்டாக வளர்க்கும் முறையைச் சட்டத்தில் சேர்க்கும்படி 2015-இல் சட்ட ஆணையம் தன் 257-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை. ஆனால் பெற்றோர் இருவரும் மனமொத்து அப்படி எழுதிக்கொண்டு வந்தால் எந்த நீதிமன்றம் தடுக்கும்?

இங்கேதான் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன். "நியாயமான முறையில் தந்தை குழந்தையைச் சந்திக்கலாம்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுவார்கள். பார்க்க அழகான வரி. மூன்றாம் மாதமே அதன்மேல் சண்டை வரும். நியாயம் என்றால் வாரம் ஒரு முறையா, மாதம் ஒரு முறையா? ராத்திரி தங்கலாமா? தீபாவளி யாரிடம்? பொங்கல் யாரிடம்? மே மாத விடுமுறையில் எத்தனை நாள்? பிறந்தநாளில் காலை யார், மாலை யார்? பிள்ளையைக் கொண்டுவந்து விடுவது யார், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு? பரீட்சை நேரத்தில் என்ன செய்வது? காய்ச்சல் என்றால் அந்த வாரத்துக்குப் பதில் எந்த வாரம்? தாத்தா பாட்டி பார்க்கலாமா? இவற்றை எல்லாம் எழுத்தில் வையுங்கள். ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லாததால்தானே பிரிகிறீர்கள்? நம்பிக்கை இல்லாத இடத்தில் மணிக் கணக்கு இருந்தால்தான் பிள்ளை நிம்மதியாக இருக்கும்.

ஒரு தகப்பனார். நீதிமன்ற உத்தரவுப்படி ஓர் ஆண்டுக்குப் பிறகு மகளைப் பார்க்க வந்தார். கையில் துணிக்கடைப் பை. உள்ளே ரோஜா நிறத்தில் பாவாடை சட்டை. மகள் அதை வாங்கி மார்போடு வைத்துப் பார்த்தாள். முழங்காலுக்கு மேலே நின்றது. அவர் மனத்தில் மகள் ஓர் ஆண்டுக்கு முந்தைய உயரத்திலேயே நின்றுவிட்டாள். அவர் கடை பில்லைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, "மாத்திக்கலாம்மா, மாத்திக்கலாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த ஓர் ஆண்டை எந்தக் கடையில் கொண்டுபோய் மாற்றுவார்?

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இரு பெற்றோரும் வேண்டும் என்று நான் சொல்வதை, அடி உதை நடக்கும் வீட்டுக்கும் பொருத்திவிடாதீர்கள். அடிக்கிற கையிடம் பிள்ளையை ஒப்படைக்கச் சொல்லும் சட்டம் இந்த நாட்டில் இல்லை. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்கீழ், பாதிக்கப்பட்ட பெண் தற்காலிக கஸ்டடியை உடனே கேட்டுப் பெறலாம். சந்திப்பால் குழந்தைக்குக் கேடு வரும் என்று மாஜிஸ்திரேட் கருதினால் சந்திப்பையே மறுக்கலாம். அந்த வீட்டில் இருக்கும் பெண்ணிடம், "பிள்ளைக்காகப் பொறுத்துக்கோ" என்று சொல்லாதீர்கள். பிள்ளைக்காகத்தான் அவள் வெளியே வருகிறாள்.

சரி, பணத்துக்கு வருவோம். பணத்தைப் பற்றிப் பேசினால் பாசம் குறைந்துவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி உண்டு. பாசத்துக்குத் தேதி கிடையாது.

மனைவிக்கான ஜீவனாம்சம் வேறு, பிள்ளைக்கான பராமரிப்புத் தொகை வேறு. இதை முதலில் மனத்தில் இருத்துங்கள். மனைவிக்கு நல்ல சம்பளம் இருக்கலாம், அவளுக்கு ஒன்றும் தர வேண்டாம் என்றுகூட ஆகலாம். பிள்ளைக்கான பொறுப்பு அதனால் போய்விடாது. தாயும் சம்பாதித்தால் இருவரும் தத்தம் வருமானத்துக்கு ஏற்பப் பங்கு கொடுக்க வேண்டும்.

இங்கேதான் நம் பெண்கள் பெரிய தவறு செய்கிறார்கள். என்னிடம் வந்த ஒரு தங்கை. பரஸ்பர சம்மத விவாகரத்து ஏற்கெனவே முடிந்துவிட்டது. அதில், "எனக்கோ என் மகனுக்கோ எதுவும் வேண்டாம், எதிர்காலத்திலும் கேட்க மாட்டோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஏனம்மா இப்படி எழுதினாய் என்று கேட்டேன். "அவர் காசு எனக்கெதுக்குக்கா? விட்டாப் போதும்னு இருந்துச்சு" என்றாள். அவள் ரோஷம் எனக்குப் புரிகிறது. ஆனால் மகனுக்குச் சேர வேண்டியதை விட்டுக்கொடுக்க அவளுக்கு என்ன உரிமை? அது அவள் பணம் அல்லவே! நல்லவேளை, சட்டம் அந்தக் குழந்தையைக் கைவிடவில்லை. தாய் எழுதிக் கொடுத்தது பிள்ளையைக் கட்டுப்படுத்தாது. பிள்ளையின் சார்பில் புது மனுப் போட்டோம். அதே ஊரில், அதே குடும்பத்தில், இரண்டாவது வழக்கு. முதலிலேயே நான்கு வரி சேர்த்து எழுதியிருந்தால் அது தேவைப்பட்டிருக்காது.

எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு நிலையான விகிதம் ஏதும் சட்டத்தில் இல்லை. குழந்தையின் தேவை, பெற்றோரின் வருமானம், பிரியும் முன் குழந்தை வாழ்ந்த வாழ்க்கைத் தரம் என்று பார்ப்பார்கள். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் ஒரு நடைமுறை வகுத்தது. கணவன் மனைவி இருவரும் தங்கள் சம்பளம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தாக்கல் செய்ய வேண்டும். "எனக்கு வேலையே இல்லை" என்று வாயால் சொல்லித் தப்பிய காலம் போயிற்று. மனுப் போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்கிடப்படும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. ஆகவே வாய்தா மேல் வாய்தா வாங்கி இழுத்தால் பாக்கிதான் ஏறும். வழக்கு நடக்கும்போதே பிள்ளையின் படிப்புக்கும் செலவுக்கும் இடைக்கால உத்தரவு கேட்கலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து கூடியவரை 60 நாளுக்குள் அதை முடிக்க வேண்டும் என்று இந்துத் திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

மதம் எதுவானாலும் பிள்ளைக்காகத் தட்டக்கூடிய இன்னொரு கதவு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-ஆம் பிரிவு என்று ஊர் முழுக்கப் பெயர் பெற்றதே, அது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாக அது மாறியிருக்கிறது. எண்தான் மாறியது. உத்தரவு போட்டும் பணம் கட்டாதவரைப் பிடியாணையில் அழைத்து, ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்க அதில் இடம் உண்டு. ஆனால் பாக்கி விழுந்த ஓர் ஆண்டுக்குள் மனுப் போட்டுவிட வேண்டும். இரக்கப்பட்டு இரண்டு வருடம் காத்திருந்துவிட்டு வருகிறார்களே, அவர்களைப் பார்த்தால்தான் எனக்கு மனம் வலிக்கிறது.

பதினெட்டு வயது வந்ததும் என்ன ஆகும்? இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதே இல்லை. சட்டப்படி பதினெட்டில் பிள்ளை மேஜர். கல்லூரியின் முதல் ஆண்டுக் கட்டணம் கட்டும் வயதும் அதுதானே! ப்ளஸ் டூ வரை வந்த தொகை, செலவு கூடும் நேரத்தில் சட்டென்று நின்றுபோகும். திருமணமாகாத மகள் தன்னால் பிழைக்க முடியாத நிலையில் இருந்தால், இந்துத் தந்தையிடம் 1956-ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி கேட்கலாம். உடல்நலமோ மனநலமோ குன்றித் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கும் சட்டம் கை கொடுக்கும். ஆரோக்கியமாக இருக்கும் மகனின் கல்லூரிப் படிப்புக்கு வழி தெளிவாக இல்லை. ஆகவே ஒப்பந்தம் எழுதும்போதே, முதல் பட்டம் முடியும் வரை கட்டணத்தில் யாருக்கு எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஆண்டு தொகை எவ்வளவு கூடும் என்றும் எழுதுங்கள். எல்.கே.ஜி.யில் முடிவு செய்த தொகையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குச் சைக்கிள் டியூப்கூட மாற்ற முடியாது.

பணமும் சந்திப்பும் பற்றி ஒரு பேரம் நடக்கும். "பணம் வரட்டும், அப்புறம் பிள்ளையைக் காட்டுறேன்" என்பாள் தாய். "பிள்ளையைக் காட்டட்டும், அப்புறம் பணம் தர்றேன்" என்பான் தகப்பன். இரண்டும் தவறு. இரண்டும் தனித்தனி உத்தரவுகள், இரண்டுமே பிள்ளைக்குச் சேர வேண்டியவை. ஒன்றைக் கொடுக்காததற்குத் தண்டனையாக இன்னொன்றைப் பறித்தால் தண்டனை அனுபவிப்பது யார்? நேரே நீதிமன்றம் போய் நிறைவேற்று மனுப் போடுங்கள். பிள்ளையைப் பணயம் வைக்காதீர்கள்.

சொத்து பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணமுறிவால் அறுபடுவது கணவன் மனைவி உறவு. மகன் மகன்தான், மகள் மகள்தான். தந்தை உயில் எழுதாமல் இறந்தால், அவர் மறுமணம் செய்து வேறு பிள்ளைகள் பெற்றிருந்தாலும், முதல் மனைவியின் பிள்ளைகளும் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகளே. குழந்தையின் பெயரில் உள்ள வீட்டையோ நிலத்தையோ நீதிமன்ற அனுமதி இல்லாமல் இயற்கைக் காப்பாளர் விற்கவும் முடியாது.

இத்தனையும் சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டுமா? 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டம், சமரசத்துக்கு முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. கவுன்சலிங்குக்கு அனுப்பினால் "இனி என்ன பேச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். சேர்த்து வைக்கும் பேச்சாக அது இருக்க வேண்டும் என்பதில்லை, பிள்ளைக்கான ஏற்பாட்டைப் பேசும் பேச்சாகவும் இருக்கலாம். நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் நாட்டிலேயே முதலில் 2005-இல் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது என்பது எனக்கு எப்போதும் பெருமை. வழக்கு விவரம் ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சமும் வேண்டாம். இருவரில் ஒருவர் கேட்டாலே மூடிய அறையில் விசாரிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

பரஸ்பர சம்மத மனுவில் ஆறு மாதக் காத்திருப்பு உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். அதைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எப்போது? குழந்தையின் கஸ்டடி, பராமரிப்பு உட்பட எல்லாவற்றையும் இருவரும் உண்மையாகவே பேசித் தீர்த்திருந்தால் என்பது அதில் ஒரு நிபந்தனை. கவனித்தீர்களா? சீக்கிரம் விடுதலை வேண்டும் என்று ஓடிவரும் பெற்றோரிடம், முதலில் பிள்ளைக்கு வழி செய்தாயா என்று சட்டம் கேட்கிறது.

அப்படிச் செய்த வழி காலத்துக்கும் அப்படியே நிற்க வேண்டியதில்லை. மூன்று வயதில் போட்ட ஏற்பாடு பதின்மூன்று வயதுக்குப் பொருந்துமா? கஸ்டடி உத்தரவு எதுவும் கல்வெட்டு அல்ல. பிள்ளை வளர வளர, நிலைமை மாற மாற, மறுபடி நீதிமன்றம் போய் மாற்றிக்கொள்ளலாம். அந்த ரோஸி ஜேக்கப் தீர்ப்பிலேயே இதுவும் இருக்கிறது. ஆகவே இன்று தோற்றவர் என்றென்றைக்கும் தோற்றவர் அல்லர், இன்று ஜெயித்தவர் கண்ணயர்ந்துவிடவும் கூடாது.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்லையே என்று தயங்குகிறவர்கள் இங்கே இருக்கலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பெண்ணுக்கும் குழந்தைக்கும் இலவச சட்ட உதவி உரிமை. வருமானச் சான்று தேவையில்லை. உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம்.

அந்தப் படிவத்தோடு உட்கார்ந்திருந்த பையனிடம் இன்று நான் என்ன சொல்வேன்? "ரெண்டையும் எழுதுடா கண்ணா. இடம் பத்தலன்னா பின்பக்கம் எழுது" என்று சொல்வேன்.

நேரம் ஆகிவிட்டது. இனி உங்கள் கேள்விகள். எழுந்து நின்று கேட்க எல்லாராலும் முடியாது, அது எனக்குத் தெரியும். வாசல் பக்கம் நிற்கும் பிள்ளைகள் துண்டுச் சீட்டும் பேனாவும் கொண்டு வருவார்கள். உங்கள் பெயர் எழுத வேண்டாம். ஊர் வேண்டாம். யார்மேல் தப்பு என்பதும் வேண்டாம். கேள்வியை எழுதிவிட்டு, அதற்கு மேலே பிள்ளையின் வயதை மட்டும் எழுதிக் கொடுங்கள்.